பதினோராம் நோட்டின் நடுப்பக்கம்

என்னோடு ஆய்வு செய்கிற பெலிக்ஸ் உள்ளே போய்ப் பதினெட்டு நிமிஷம் ஆகிறது, அவனுக்கு அடுத்தது நான், கதவில் ஒட்டியிருக்கிற தாளில் அப்படித்தான் இருக்கிறது, நிறைமதி, பிரெஞ்சுத் துறை, முனைவர் பட்ட ஆய்வு, ஐந்தாம் ஆண்டு, பதினொன்றேகால் மணி, டாக்டரல் கமிட்டி, எல்லாம் சரியாக இருக்கிறது, பிழை முழுக்க என் மடியில் இருக்கிற கோப்பில்தான், மூன்றாம் இயல், நாற்பத்தெட்டுப் பக்கம், அது பொய் என்று இந்த உலகத்தில் இப்போதைக்கு எனக்கு மட்டும் தெரியும். பொய் இல்லை, தவறு. பொய் என்றால் தெரிந்து சொல்வது. சரி, திங்கட்கிழமை சாயங்காலம் வரைக்கும் தவறு, அதற்கப்புறம்? இன்றைக்கு வியாழன். மூன்று நாளாகத் தெரிந்தும் வாயைத் திறக்காமல் இருக்கிற தவறுக்கு என்ன பெயர் என்று யாராவது என்னிடம் கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவேன், மேற்கோளோடு பேசுவேன், ஆனால் கேட்க ஆள் இல்லை, அதுதான் இப்போது என் கஷ்டம், எதிரில் உட்கார்ந்து இல்லை என்று சொல்ல ஓர் ஆள் இல்லாமல் எனக்கு யோசிக்கவே வராது, சின்ன வயசிலிருந்து அப்படித்தான், அப்பா தோசைக்குச் சர்க்கரை தொட்டுக்கொண்டால்கூட ஏன் என்று கேட்டு அவரைப் பாதிச் சாப்பாட்டில் எழ வைத்தவள் நான். ஃபேன் ஒரு சுற்றுக்கு ஒரு தடவை டக் என்கிறது. ஜன்னலுக்கு வெளியே முந்திரி மரங்கள், செம்மண், வெயிலில் யாரோ நிறுத்திவிட்டுப் போன ஸ்கூட்டர். தனபாக்கியம் அக்கா டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளேயிருந்து வருகிறார், "என்னாம்மா இது, பொண்ணு பாக்க வந்த மாதிரி ஒக்காந்திருக்கே, நீ உள்ள போனா அவங்கதான பயப்படணும்" என்கிறார், நான் சிரிக்கிறேன், சிரிப்பு வருகிறது, ஆச்சரியமாக இருக்கிறது. அக்காவிடம் சொல்லிவிடலாமா? அக்கா, ஒரு ஆளைப் பற்றி ரெண்டு வருஷமா எழுதினேன், அவன் இல்லவே இல்லையாம். அவர் என்ன சொல்வார், கல்யாணம் ஏதாவது தட்டிப் போய்விட்டது என்று நினைப்பார், ஒருவகையில் அதுவும் சரிதான்.

தெவ்ரேல்தான் என் வீட்டுக்காரர் என்று பெலிக்ஸ் சொல்வான். காலையில் நூலகத்தில் பார்த்தால் "உன் வீட்டுக்காரர் எப்படி இருக்காரு" என்பான், செத்து நூற்று முப்பது வருஷம் ஆகிறது, மற்றபடி சௌக்கியம் என்பேன். அர்மான் தெவ்ரேல், பத்தொன்பதாம் நூற்றாண்டு, பதினேழு நாவல், காலனிப் படைகளின் வரலாறு நான்கு தொகுதி, உலகத்திலேயே இன்றைக்கு அவரைப் படிப்பவர்கள் மொத்தம் மூன்று பேர், அதில் ஒருத்தி புதுச்சேரிக்குப் பக்கத்து வில்லியனூர்க்காரி. துறைமுக ஊரில் சுங்கச்சாவடி எழுத்தர் ஒருவரின் மகன். அந்த வீட்டில் தாளின் ஒரு பக்கத்தை வெறுமனே விடுவது பாவம், அப்பா அலுவலகத்திலிருந்து கொண்டுவரும் பழைய தாள்களின் முதுகில்தான் பையன் எழுதப் பழகினான். பதினெட்டில் ராணுவம், முப்பத்தொன்றில் பயிற்சி மைதானத்தில் குதிரை அவர் கால்மேல் விழுந்தது, அதுவரை அவர் ஒரு சண்டையையும் பார்த்ததில்லை, அதற்கப்புறம் பார்க்க வழியும் இல்லை, அமைச்சகத்தில் வரைபட அறையில் ஒரு மேஜை கொடுத்தார்கள், மற்றவர்கள் போட்ட சண்டையை அவர் வாழ்நாள் முழுக்க எழுதினார். எழுதினார் என்பதைவிட வாதாடினார் என்று சொல்ல வேண்டும். ஒரு படைப்பிரிவின் மேற்சட்டையில் பொத்தான் ஒன்பதா பத்தா என்று ஒரு பத்திரிகைக்குப் பதினான்கு கடிதம் எழுதி ஜெயித்திருக்கிறார், பத்துதான். பீரங்கி எண்ணிக்கையில் நண்பர் ஒருவரோடு பேச்சு முறிந்தது, ஆற்றின் ஆழத்தில் இன்னொருவரோடு. கல்யாணமாகிப் பதினோராம் வருஷம் மனைவி க்ளெமான்ஸ் தன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள், அவள் எழுதி வைத்த சீட்டை அவர் கிழிக்கவில்லை, பிரான்சில் ஒரு நூலகத்தில் இருக்கிறது, நான் தொட்டுப் பார்த்திருக்கிறேன், "நீங்கள் சொல்வது எப்போதும் சரியாகவே இருக்கிறது, எனக்குக் களைப்பாக இருக்கிறது." இதை முதல் வருஷம் படித்தபோது எனக்கு க்ளெமான்ஸ் மேல்தான் கோபம் வந்தது. சரியாக இருப்பது ஒரு குற்றமா என்று விடுதி அறையில் தனியாக உட்கார்ந்து அவளோடு சண்டை போட்டேன். லுவார் ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஊரில், மாடி வீட்டில், கடைசி இருபது வருஷம் அவர் ஜன்னலோரம் ஒற்றைத் தட்டு வைத்துச் சாப்பிட்டார், அடக்கத்துக்கு வந்தவர்கள் ஏழு பேர், அதில் மூன்று பேர் அவரோடு பேச்சுவார்த்தை இல்லாதவர்கள்.

சிக்கல் அந்த நோட்டுகளில் இருக்கிறது. காலையில் வரலாறு, நோட்டின் முன்னாலிருந்து. மதியம் சாப்பிட்டுவிட்டு அதே நோட்டைத் தலைகீழாகத் திருப்பி, பின் அட்டையிலிருந்து நாவல். இரண்டும் ஒன்றை நோக்கி ஒன்று வரும், நடுவில் எங்கோ முட்டிக்கொள்ளும், அதற்கப்புறம் புது நோட்டு. தாள் வீணாகக் கூடாது. தெவ்ரேலைத் தொடுகிற யாருக்கும் முதல் நாள் தெரிகிற விஷயம் இது, எனக்கும் தெரியும், என் முதல் இயலில் இரண்டு பக்கம் இதைப் பற்றி அழகாக எழுதியிருக்கிறேன். பதினான்கு நாள் அந்த லுவார்க் கரை ஊர் நூலகத்தில் இருந்தேன், அறுநூற்று நாற்பது படம், என் போனில் எடுத்தேன், மேஜைமேல் குனிந்து குனிந்து முதுகு விட்டுப் போயிற்று. போன் என்ன செய்யும், எழுத்து தலைகீழாக இருந்தால் தானாகவே நிமிர்த்தி வைக்கும், அது அதன் நல்ல குணம். ஊருக்கு வந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து படங்களைப் பிரித்தேன், வரலாறு ஒரு ஃபோல்டர், நாவல் ஒரு ஃபோல்டர். பதினோராம் நோட்டின் நடுப்பக்கத்தை நானே என் கையால் வரலாற்றில் போட்டேன். ஏன் போட்டேன்? இருபது வரி படித்ததும் இது நடந்ததாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன், அதனால் போட்டேன். ஆப்பிரிக்கக் கரையில் ஒரு மண்கோட்டை, புதுச்சேரியிலிருந்து கப்பலில் கொண்டுபோன சிப்பாய்கள், காயம்பட்டவர்களை விட்டுவிட்டுப் பின்வாங்கச் சொல்லி உத்தரவு, சவரிமுத்து என்று ஒரு சிப்பாய் காயம்பட்டவர்கள் நடுவில் போய் உட்கார்ந்துகொள்கிறான், எழுந்திருக்க மாட்டேன் என்கிறான், அவ்வளவுதான் அவன் செய்வது, விசாரணை இல்லாமல் காலையில் சுவரோரம் நிறுத்திச் சுடுகிறார்கள். ஒன்றேகால் பக்கம். அச்சான வரலாற்றுத் தொகுதியில் இந்தப் பக்கம் இல்லை, அப்படியானால் பதிப்பாளர் வெட்டியிருக்கிறார். புதுச்சேரி ஆவணக் காப்பகத்தில் சிப்பாய்களின் பதிவேட்டில் அந்தப் பெயர் இல்லை, அப்படியானால் அரசு அழித்திருக்கிறது. இல்லாத ஒவ்வொன்றும் எனக்கு ஒரு சாட்சி ஆயிற்று, எங்கே தேடினாலும் அவன் இல்லை, இல்லாமல் போகப் போக அவன் இன்னும் உறுதியாக இருந்தான்.

எங்கள் வீட்டில் யாரும் சொல்தா இல்லை. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள், ஜூலை பதினாலாம் தேதி, பிரெஞ்சுத் தேசிய நாளில், பதக்கம் குத்திக்கொண்டு கடற்கரைச் சாலையில் நடப்பார்கள், அவர்கள் பேரப்பிள்ளைகள் துறையில் என்னோடு படித்தார்கள், வீட்டிலேயே பிரெஞ்சு பேசுகிறவர்கள். நான் பதினொன்றாம் வகுப்பில் மார்க்குக்காகப் பிரெஞ்சு எடுத்தவள். எம்.ஏ. முதல் வருஷம் ஒரு பெண் என் உச்சரிப்பைக் கேட்டுவிட்டு "உனக்கு வில்லியனூர் பிரெஞ்சு" என்றாள், எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், அன்றிலிருந்து நான் வகுப்பில் வாதாடாத நாள் கிடையாது. அவன் எனக்கு ஏன் அவ்வளவு வேண்டியிருந்தான் என்று இப்போது தெரிகிறது, அந்த அறுநூற்று நாற்பது பக்கத்திலும் என்னைப் பார்த்துத் தலையாட்டின ஒரே ஆள் அவன்தான். கருத்தரங்கில் கட்டுரை வாசித்தபோது என் வழிகாட்டி சுகந்தா மேடம் முன்வரிசையில், சொல்தாக்கள் குடும்பங்கள் பின்னால், லூர்துநாதன் சார் மூன்றாம் வரிசை ஓரத்தில். பிரெஞ்சுக் கல்லூரியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவர், ஆவணக் காப்பகத்தில் அவருக்கென்று ஒரு நாற்காலியே உண்டு, வேறு யாரும் உட்கார்ந்தால் பக்கத்தில் வந்து நிற்பார், ஒன்றும் சொல்லமாட்டார், நின்றுகொண்டே இருப்பார். எழுந்து, தொண்டையைச் செருமி, கல்யாணமாகாத பெண்ணைப் பிரெஞ்சுக்காரர்கள் கூப்பிடுகிற மாதிரி, "மத்மோசேல், பொண்ணு நல்லாப் பேசுது, சந்தோஷம். ஆனா அந்தப் பேரை நான் எந்தப் பதிவேட்டுலயும் பாத்ததில்ல. சத்தம் போட்டா ஆவணம் வந்துடாது" என்றார். பொண்ணு நல்லாப் பேசுது. அந்த ஒரு வார்த்தை போதும் எனக்கு. "பதிவேட்டை எழுதினது யாரு சார்? சுட்டவங்க எழுதின பதிவேட்டுல சுடப்பட்டவன் பேரைத் தேடறீங்க. அவங்ககிட்டயே போய் நியாயம் கேக்கறதுக்குப் பேரு ஆராய்ச்சியா, விசுவாசமா?" கைதட்டல் நிற்கவே இல்லை. யாரோ அதைப் படம் பிடித்துப் போட்டார்கள், தெரியாதவர்கள் எல்லாம் இதயம் அனுப்பினார்கள். அவர் உட்கார்ந்தார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், ரொம்ப நேரம் துடைத்தார். அதற்கப்புறம் எந்தக் கருத்தரங்குக்கும் வரவில்லை. அவர் மோசமாகச் சொன்னார், அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை. மோசமாகத்தான் சொன்னார், சரியாகச் சொன்னார். இந்த இரண்டும் ஒரே வாயிலிருந்து ஒரே மூச்சில் வரலாம் என்பதை ஏன் யாரும் எனக்குச் சொல்லவில்லை, இல்லை, சொல்லியிருந்தால் நான் அதையும் மறுத்திருப்பேன்.

திங்கட்கிழமை மின்னஞ்சல் வந்தது. ஆய்வேட்டில் ஒரு படமாக அந்தப் பக்கத்தைப் போடலாம் என்று மேடம் சொன்னதால் நல்ல படம் கேட்டிருந்தேன், பிரான்சில் அந்த நூலகத்தில் வேலை பார்க்கிற பெண் ரொம்ப அக்கறையாக நோட்டை முழுதாக விரித்து, இரண்டு பக்கமும் தெரிகிற மாதிரி எடுத்து அனுப்பியிருந்தாள், கூடவே ஒரு வரி, "நீங்கள் கேட்ட நாவல் பக்கம், வணக்கத்துடன்." நாவல் பக்கம். அவளுக்கு அது ஒரு செய்தியே இல்லை, ஜன்னலைச் சாத்தினேன் என்கிற மாதிரி எழுதியிருந்தாள். படத்தைத் திறந்தேன், இடது பக்கம் நேராக, வரலாறு, கோட்டையின் தண்ணீர்த் தொட்டி எத்தனை அடி ஆழம் என்று இருந்தது. வலது பக்கம் தலைகீழாக, சவரிமுத்து. மெஸ்ஸில் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், தட்டில் எலுமிச்சை சாதம், அது அப்படியே காய்ந்தது. முதலில் வந்தது பயம் இல்லை, வாதம். அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஐந்து நிமிஷத்தில் வந்துவிட்டது, கட்டி முடித்த வீடு மாதிரி. வரலாற்றில் சொல்ல முடியாததை அவர் நாவலில் சொன்னார். காலையில் அரசுக்கு எழுதினார், மதியம் மனசாட்சிக்கு எழுதினார், நோட்டைத் திருப்பியது தாளை மிச்சம் பிடிக்க இல்லை. எவ்வளவு நன்றாக இருக்கிறது, மேடம் துள்ளிக் குதிப்பார், முதல் கட்டுரையைவிட இது பெரிய கட்டுரை, யாராலும் மறுக்க முடியாது, கைதட்டல் இன்னும் அதிகமாக வரும். அந்தச் சந்தோஷத்தோடு படத்தைப் பெரிதாக்கினேன். பெயர் முதலில் வருகிற இடம், மை அங்கே மட்டும் கனமாக இருக்கிறது, அதன் கீழே அடித்த பெயர், கோடுகளுக்கு நடுவில் ஒவ்வோர் எழுத்தாகத் தெரிகிறது, ஈவ் லெ காலெக். பிரான்சின் மேற்கு ஓரத்தில் பிரெத்தாஞ் பக்கத்து ஆள் பெயர். வெள்ளைக்காரன். முதலில் அவன்தான் காயம்பட்டவர்கள் நடுவில் உட்கார்ந்தான். அப்போது இன்னொன்று ஞாபகம் வந்தது, இரண்டு வருஷமாக என் கையில் இருக்கிற கடிதம், பதிப்பாளருக்கு தெவ்ரேல் எழுதியது, "இந்தியன் ஒருவன் இருந்தால் கதைக்கு நிறம் கூடும் என்கிறீர்கள், சரி, ஒருவனைத் தருகிறேன்." அந்த வரியை எத்தனையோ தடவை படித்திருக்கிறேன், கோபத்தோடு படித்திருக்கிறேன், எந்த நாவல், எந்த இந்தியன் என்று ஒரு தடவைகூட நான் கேட்கவில்லை. அந்தக் கடிதம் எழுதி ஒன்பதே நாளில், அச்சுக்கே போகாத இந்த நாவலில், அவர் ஒரு பெயரை அடித்து ஒரு பெயர் எழுதினார், தமிழ் ஆள் ஒருவரையாவது அவர் நேரில் பார்த்ததற்கு எந்தத் தடயமும் இல்லை, கப்பல் பட்டியல் ஏதாவது ஒன்றிலிருந்து பெயரை எடுத்திருப்பார். நிறத்துக்காக. நான் அந்த நிறத்தைக் கட்டிக்கொண்டு இரண்டு வருஷம் படுத்துத் தூங்கியிருக்கிறேன்.

மேடத்திடம் சொல்லியிருக்கலாம், செவ்வாய்க்கிழமை முழுக்க அவர் அறை வாசல் வழியாக நாலு தடவை போனேன், உள்ளே யாரோ இருந்தார்கள், யாரும் இல்லாத போதும் போனேன். அம்மா போனில் "என்னடி குரல் ஒரு மாதிரி இருக்கு" என்றாள், ஜலதோஷம் என்றேன். பெலிக்ஸிடம் சொன்னால் சிரிப்பான், சிரித்துவிட்டு, யாருக்குத் தெரியப்போவுது, விடு என்பான், அவன் கெட்டவன் இல்லை, ஆனால் அந்த வார்த்தை ஒரு தடவை காதில் விழுந்துவிட்டால் நான் விட்டுவிடுவேன், அந்தப் பயம். யாருக்கும் தெரியப்போவதில்லைதான். அந்த நோட்டைக் கேட்டு எடுத்தவர்கள் கையெழுத்துப் போடுகிற அட்டையில் நாற்பது வருஷத்தில் ஒரே பெயர்தான் இருக்கிறது, என் பெயர். படத்தை ஆய்வேட்டில் போடாமல் விட்டால் முடிந்தது. மணி பதினொன்று மூன்று. உள்ளே பெலிக்ஸின் குரல் கேட்கிறது, வேகமாகப் பேசுகிறான், பதில் தெரியாதபோது அப்படிப் பேசுவான். என் விரல் போனில் ஒரு பெயரைத் தேடிக்கொண்டிருக்கிறது, எனக்கே இப்போதுதான் தெரிகிறது, எல் எழுத்துக்குப் போய் லூர்துநாதன் சார் பெயரில் நிற்கிறது. அவர் திட்டினால் நன்றாக இருக்கும். நான் அன்னைக்கே சொன்னேனா இல்லையா என்று அவர் கத்தினால், அந்தச் சூட்டோடு உள்ளே போய் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். இந்த உலகத்தில் என்னோடு சண்டை போட உரிமை உள்ள ஒரே ஆள்.

"அலோ, வுய்" என்றார், போனைப் பிரெஞ்சில்தான் எடுப்பார், பின்னால் குக்கர் விசில். "சார், நான் நிறைமதி பேசறேன், பல்கலைக்கழகத்துலேர்ந்து." "ஓ. மத்மோசேல். உயிரோடதான் இருக்கேன், அதைத் தெரிஞ்சுக்கவா போனு?" நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன், அவர் விடவில்லை, "நல்ல வேளை நீயே பண்ணிட்டே. நானே கூப்புடணும்னு இருந்தேன், கூச்சமா இருந்தது. புத்தகம் சனிக்கிழமை அச்சுக்குப் போவுது. நம்ம சொல்தாக்களைப் பத்தி. உன் சவரிமுத்துவைப் போட்டிருக்கேன், அறுவத்து மூணாம் பக்கம், அடிக்குறிப்புல உன் பேரு. பேரு சரியா இருக்கணும்ல, தந்தை பேரு முன்னாடி வருமா பின்னாடி வருமா?" காரிடார் தரையில் ஓர் எறும்பு வரிசை என் செருப்பைச் சுற்றிக்கொண்டு போகிறது. "அன்னைக்கு வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் சாப்புடல, அப்படிக் கோவம். மூணாம் நாளு யோசிச்சேன். நாப்பது வருஷமா பதிவேட்டை நம்பினவன், இந்தப் பொண்ணு கேக்கறதுல என்ன தப்புன்னு. முன்னுரையிலயே எழுதியிருக்கேன், எழுபத்து நாலு வயசுல ஒருத்தர்கிட்ட தோத்தேன், தோத்ததுல எனக்கு சந்தோஷம்னு." அவர் குரலில் அந்தச் சந்தோஷம் இருந்தது, நான் கற்பனை செய்யவில்லை. அதற்கப்புறம் நான் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை, போன் நிமிர்த்திய படம், நூலகப் பெண்ணின் ஒரு வரி, அடித்த பெயர், பதிப்பாளர் கடிதம், மூச்சு விடாமல் சொன்னேன், கடைசியில் "நீங்க அன்னைக்குக் கேட்டதுதான் சார் சரி" என்றேன். குக்கர் இன்னொரு விசில் அடித்தது. திட்டுவார் என்று காத்திருந்தேன். "தலைகீழா இருந்தா நாவல்னு எப்படிச் சொல்றே" என்றார். "எப்பவும் அப்படித்தான் சார் எழுதுவாரு." "ஒரு நாளு நோட்டைத் தப்பாத் திருப்பிப் புடிச்சிருக்கலாம்ல?" "அடிச்ச பேரு இருக்கு சார்." "தப்பாக் கேள்விப்பட்டு முதல்ல எழுதினாரு, அப்புறம் விசாரிச்சுத் திருத்தினாரு. ஏன் இருக்கக்கூடாது? அவரு திருத்தறவருதானே, பொத்தானுக்கே பதினாலு கடுதாசி போட்டவரு." "சார், பதிவேட்டுலயும் இல்ல." "பதிவேட்டை எழுதினது யாரு?" என்றார் லூர்துநாதன் சார். கேலி இல்லை அதில். மனசார நம்பிக் கேட்டார். நான் கட்டின ஒவ்வொரு செங்கல்லும் அவர் கையில் இருந்தது, என்னைவிட நன்றாகப் பிடித்துக்கொண்டிருந்தார். "சார், தயவுசெஞ்சு எடுத்துடுங்க" என்றேன். "அன்னைக்கு நான் சொன்னது தப்புன்னு நீதான் சொன்னே, ஊரே கேட்டுச்சு. இன்னைக்கு நீ சொன்னது தப்புன்னு நீயே சொல்றே. ரெண்டையும் நீயே சொன்னா நான் எங்கம்மா போறது?" அவர் மூக்கை உறிஞ்சுகிற சத்தம், அல்லது ஏதோ ஒன்றை நகர்த்துகிற சத்தம். "எழுத்துல குடு. உன் கமிட்டி ஒத்துக்கிட்டு ஒரு தாள் குடுக்கட்டும், எடுத்துடறேன். வாய்ப்பேச்சுக்கு எல்லாம் நான் பக்கத்தைக் கிழிக்கறதில்ல." வைத்துவிடுவார் என்று நினைத்தேன், வைக்கவில்லை, கொஞ்சம் தணிந்து, "அவனை எடுத்துட்டா அந்த அத்தியாயத்துல ஆளே இல்லம்மா" என்றார்.

கதவு திறந்து பெலிக்ஸ் வந்தான், சட்டை முதுகில் ஒட்டியிருந்தது, "போ, உனக்கு மாலை போடறதுக்குன்னே காத்திருக்காங்க, மேடம் உன் பேரை மூணு தடவை சொல்லிட்டாங்க" என்றான், என் முகத்தைப் பார்த்து "என்ன ஆச்சு" என்றான், நான் உள்ளே போய்விட்டேன். நாலு பேர், நடுவில் கமிட்டித் தலைவர், அவர் பக்கத்தில் ஹைதராபாத்திலிருந்து வந்திருக்கிற ரத்னமாலா மேடம், ஓரத்தில் கணினியோடு அலுவலக உதவியாளர், என் பக்கத்து நாற்காலியில் சுகந்தா மேடம், என் முதல் கட்டுரையை எட்டுத் தடவை திருத்தித் தந்தவர். "நிறைமதியோட மூணாவது இயல்தான் இந்த வருஷம் நம்ம துறையில நடந்த முக்கியமான வேலை" என்று அவர் தொடங்கியபோது நான் குறுக்கே பேசினேன், இதுவரை நான் குறுக்கே பேசாத ஒரே மனுஷி அவர்தான். "மேடம், மூணாவது இயல் தப்பு." சொல்லி முடிக்க நாலு நிமிஷம் ஆகியிருக்கும், படத்தைக் காட்டினேன், தலைவர் போனை வாங்கித் திருப்பினார், படம் தானாக நிமிர்ந்துகொண்டது, மறுபடி திருப்பினார், மறுபடி நிமிர்ந்தது, நான்தான் அதை நிறுத்திக் கொடுத்தேன். ரத்னமாலா மேடம் ஆங்கிலத்தில் கேட்டார், இது வேறு யாருக்காவது தெரியுமா. ஒருத்தருக்கு, பத்து நிமிஷத்துக்கு முன்னால் நான்தான் சொன்னேன் என்றேன். சுகந்தா மேடம் படத்தைப் பார்க்கவே இல்லை, என்னைப் பார்த்தார், குரலைத் தாழ்த்தித் தமிழில், "நாவல்ல வந்தா என்ன நிறைமதி, அதை வாசிக்க வேற முறை இருக்கே. ஒரு முன்னுரையும் ரெண்டு பத்தியும் மாத்தினா போதும். நீ அதை ஒரு வாரத்துல எழுதிடுவே, எனக்குத் தெரியும்" என்றார், அன்பாகத்தான் சொன்னார், எனக்குக் கயிறு வீசினார். "எனக்கும் தெரியும் மேடம். நல்லாவே எழுதுவேன்." "அப்புறம் என்ன?" எனக்கு வாயில் வாதம் ஒன்றும் வரவில்லை, வாழ்க்கையில் முதல் தடவை, ஒன்றுகூட வரவில்லை, "கீழ அந்த அடிச்ச பேரு தெரியுது மேடம்" என்று மட்டும் சொன்னேன், சின்னப் பிள்ளை சொல்கிற மாதிரி இருந்தது.

தலைவர் பெருமூச்சு விட்டார், இயலைத் திரும்பப் பெற்றால் ஒரு வருஷம் நீட்டிப்புக் கேட்க வேண்டியிருக்கும், கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம், புரிகிறதா என்றார், புரிகிறது என்றேன், கையெழுத்துப் போட்ட பிரதி ஒன்று எனக்கு வேண்டும், வெளியில் ஒருவருக்குக் கொடுக்க வேண்டும் என்றேன், அவர் புருவத்தைத் தூக்கினார், பிறகு உதவியாளர் பக்கம் திரும்பிச் சொல்ல ஆரம்பித்தார், ஆய்வாளர் தம் மூன்றாம் இயலைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறார், காரணம், காரணம் என்ன போடலாம் என்று என்னைப் பார்த்தார். "சவரிமுத்துங்கற பேர்ல ஒரு சிப்பாய்க்கு ஆதாரம் இல்லன்னு போடுங்க சார்." "சுடப்பட்டதுக்கா, இருந்ததுக்கா?" "இருந்ததுக்கு." உதவியாளர் தட்டினார். அந்தச் சத்தத்தில் அவன் காயம்பட்டவர்கள் நடுவில் உட்கார்ந்திருக்கிறான், எழுந்திருக்க மாட்டேன் என்று, முழங்காலைக் கட்டிக்கொண்டு, எனக்கு அவன் முகம் தெரியும், தெவ்ரேலுக்குத் தெரியாது, அவர் முகம் எழுதவில்லை, முகம் முழுக்க நான் போட்டது, எங்கள் தெரு முனையில் சைக்கிள் கடை வைத்திருந்தவர் முகம். லுவார் கரையில் அந்த மாடி ஜன்னலோரம் ஒற்றைத் தட்டுக்கு எதிரில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று இத்தனை நாள் நான் யோசித்ததே இல்லை, யாராவது உட்கார்ந்திருப்பார்கள், அவர் நோட்டில் பெயர் அடிபட்டவர்கள் எல்லாம். தாள் அச்சாகி வந்தது, சூடாக இருந்தது, இரண்டு பிரதி. என் பெயர் இருக்கிற இடத்தைத் தலைவர் விரலால் காட்டினார். கையெழுத்துப் போட்டேன், தேதி போட்டேன், பேனாவைத் திருப்பிக் கொடுக்கக் கையை நீட்டினேன், யாரும் வாங்கவில்லை, எல்லோரும் மேஜைமேல் குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தார்கள், சுகந்தா மேடம் மட்டும் தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து என் பக்கம் நகர்த்தினார், அப்போதுதான் தாளைப் பார்த்தேன், என் கையெழுத்தின் மேல் சொட்டு விழுந்து மை பரவிக்கொண்டிருந்தது, இரண்டாவது பிரதியிலும். "பரவால்ல, வேற எடுத்துடலாம்" என்றார் உதவியாளர் மெதுவாக, மறுபடி அச்சடித்தார், மறுபடி என் முன்னால் வைத்தார், நான் முகத்தைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு, தாளைச் சற்றுத் தள்ளி வைத்து, மறுபடி கையெழுத்துப் போட்டேன்.